சீப்பிலே சிக்கும் கவலை

காலையிலே தலைவாரி முடித்தபின், சீப்பிலே சிக்கிய இரண்டொரு முடியைச் சுருட்டி எறிந்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்வது எல்லா வீடுகளிலும் நாள்தோறும் நடைபெறும் காரியம். அதனை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், ஒருநாள் அந்தச் சுருள் நெல்லிக்காயளவு பருத்துவிடுகின்றது. ஒரு வாரத்தில் அது தேசிக்காயளவாகின்றது. தலையணையிலே முடி, கிணற்றடியிலே முடி, சோற்றிலே கிடந்த ஒரு முடியை மாமியார் எடுத்து, வாய் திறவாமல், கோப்பையின் ஓரத்தில் வைக்கின்றார். அன்று தொடக்கம் அவ்வீட்டுப் பெண்ணுக்கு நித்திரை இல்லை.

ஆடவர் பலர் இதனை அற்ப விஷயமென்று நினைக்கக்கூடும். தம் நிலையினின்றும் தாழ்ந்த மாந்தருக்குத் தலையிலிருந்து உதிர்ந்த மயிரை உவமையாக்கினார் திருவள்ளுவர். தலையிலே இருக்கும்போது அதற்குள்ள மதிப்பை நன்கறிந்தவராதலினாலேதான் அவர் அவ்வாறு சொல்லியிருத்தல் கூடும். எமது சமூகத்திலே கலியாணப் பேச்சு நடைபெறும் வீடுகளில் கூந்தலும் ஒருவகைச் சீதனம் போலவே கணக்கிடப்படுகின்றது என்பதை மறைப்பதிற் பயனில்லை. பெண் பார்க்க வருகின்ற மூதாட்டியரின் கண் முதலிலே முகத்துக்குச் செல்லும். அடுத்தபடி பின்னலுக்குச் செல்லும். ஆகவே, முடி கொட்டுகின்றதே என்று கலங்கும் ஒரு பெண்ணின் துயரத்தை அழகுப் பித்து என்று தள்ளிவிடுதல் நியாயமன்று.

அதற்கு மேலே இன்னொரு காரணமும் உண்டு. முடி உதிர்தலானது, சிற்சில வேளைகளிலே, சரீரத்தின் உள்ளே நடப்பதை வெளியே அறிவிக்கும் ஒரு தூதாக அமைகின்றது. அத்தூதைக் கேளாமல், தூதுவனுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருப்போரே நம்மிடையே அதிகம்.

முடியின் பஞ்சாங்கம்

மனிதர் தலையிலே ஏறக்குறைய 100,000 முடிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கின்றது. இரண்டு வருடம் முதல் ஆறு வருடம் வரை ஒரு முடி வளர்ந்துகொண்டே இருக்கும். பின்னர் இரண்டு மூன்று வாரத்தில் அதன் வளர்ச்சி அடங்கும். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம் அது வளராமலும் விழாமலும் ஓய்ந்து நிற்கும். ஓய்வு முடியும் காலத்திலே, அதே துவாரத்தினுள் புது முடி கிளம்ப, பழைய முடி உதிர்ந்துவிடும். மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் என்ற கணக்கிலேதான் முடி வளர்கின்றது. ஆதலால், வளர்ச்சிக் காலம் இரண்டு வருடமேயுள்ள பெண்ணுக்குக் கூந்தல் தோளுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். ஆறு வருடமுள்ள பெண்ணுக்கு அது இடையைத் தாண்டும். எந்த எண்ணெய் வைத்தாலும் இந்த எல்லை பெரும்பாலும் பிறப்போடு வந்ததே. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நீண்ட கூந்தலைக் காட்டித் தம் பிள்ளையை ஏசும் தாய்மார் இதனைச் சற்று மனத்திற் கொள்ளுதல் நன்று.

நாம் கல்லூரியிலே கணக்குப் படிப்பிப்பவர்களல்லோம். ஆயினும் இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்பது சுவையாயிருக்கும். சுகதேகியின் தலையிலே நூற்றுக்குப் பத்து முடிகள் ஓய்வில் இருப்பதாகக் கொள்வோம். அஃதாவது 10,000 முடிகள். இவை யாவும் ஏறக்குறைய 100 நாட்களுக்குள் உதிர்ந்தாக வேண்டும். அப்படியாயின் நாளொன்றுக்கு 100 முடிகள். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை முடி உதிர்வது சாதாரணமென்று வைத்தியர்கள் சொல்லுவது இதனாலேதான். அதுவே, எக்காரணத்தாலோ நூற்றுக்கு முப்பது முடிகள் ஒருமித்து ஓய்வுக்குச் சென்றுவிட்டால், நாளொன்றுக்கு 300 முடிகள் கையோடு வரும். இதிலே மந்திரமுமில்லை, கண்ணூறுமில்லை.

கண் ஏமாறுதற்கும் இடமுண்டு. வாரத்திற் கூடுதலாக ஒருமுறைதான் தலை முழுகுபவருக்கு, ஒருவாரத்து உதிர்முடியிற் பெரும்பகுதி அன்றைக்கே கையிற் சேரும். 700 முடிகள், ஒவ்வொன்றும் 60 சென்ரிமீற்றர் நீளமென்றால், ஒட்டிப் பார்க்கும்போது 420 மீற்றர் நூல்! அதே 700 முடிகள் ஓர் ஆடவனின் 5 சென்ரிமீற்றர்த் தலையிலிருந்து விழுமாயின் 35 மீற்றர்தான். அவனுடைய கண்ணிலே அது படுவதுமில்லை. நீண்ட கூந்தலுடையார் இயல்பான உதிர்வைக் கண்டே அஞ்சுதற்கு இது ஒரு காரணம். அஞ்சியவர் முழுக்கை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தினால் உதிர வேண்டியவை தலையிலேயே தங்கி, இரண்டு வாரத்தின் பின் முழுகும்போது இரட்டிப்பாக வந்து இரட்டிப்பாக அச்சுறுத்தும்.

உதிர்ந்த முடியின் நுனியிலே சிறிய வெள்ளை முனையொன்று காணப்படுவதுண்டு. “வேரோடு கழன்று வந்துவிட்டதே, இனி அவ்விடத்தில் முளைக்குமா?” என்று பலர் கலங்குவர். அது வேரன்று. ஓய்ந்து முதிர்ந்த முடியின் அடிக்குமிழ் அது. வேரிருக்கும் துவாரம் தோலினுள்ளே பத்திரமாகவே இருக்கின்றது. பலாப்பழம் தானாகக் காம்புவிட்டு விழுவதும், மரத்தை வேரோடு பிடுங்குவதும் ஒன்றாகுமா? உண்மையைச் சொல்லப்போனால், வெள்ளை முனையில்லாத முடிகள் நிறைய விழுந்தாலே முடி இடையில் முறிகின்றதென்று சந்தேகிக்க வேண்டும். அதற்குக் காரணமும் வேறு, பரிகாரமும் வேறு.

காய்ச்சல் போனது, கூந்தல் ஏன் போகின்றது?

எமது அயலிலே ஒரு பெண், வயது இருபத்துநான்கு, உத்தியோகம் பார்ப்பவள். டெங்குக் காய்ச்சலிற் படுத்து எழும்பினாள். வைத்தியசாலையில் ஆறு நாள். வீட்டுக்கு வந்து, இளைப்பு நீங்கி, வேலைக்கும் போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். அதே மாதத்திலே முடி கொட்டத் தொடங்கியது. தாயார் முதலிலே சவர்க்காரத்தைக் குற்றஞ்சாட்டினார். பின்பு கிணற்று நீரை. பின்பு, சம்பந்தம் பேசிய செய்தி வெளியே போனதால் அயலவர் கண்பட்டது என்றார். முட்டையும் மீனும் சூடு என்று அவற்றை விலக்கினார். ஐந்து வகை எண்ணெய் வாங்கினார். பின்னலை மறைப்பதற்குச் சவரியும் வாங்கியாயிற்று. இறுதியாகவே வைத்தியரிடம் போனார்கள். அவர் தலையைப் பார்க்கமுன்னர் கேட்ட கேள்வி இது:

“அம்மா, மூன்று நாலு மாதத்துக்கு முன்னம் பிள்ளைக்கு என்ன நடந்தது?”

“டெங்கு வந்தது, டொக்டர். அது எப்பவோ சுகமாப் போச்சுதே!”

“ஓம் அம்மா, சுகமானபடியாற்றான் இப்ப கொட்டுது.”

வைத்தியர் வேடிக்கை பேசவில்லை. கடுங்காய்ச்சல் வரும்போது, சரீரம் தன் முதலீட்டை உயிர்காக்கும் உறுப்புகளுக்குத் திருப்பிவிடுகின்றது. முடி வளர்ப்பது அவ்வேளைக்கு அவசியமில்லாத செலவு. ஆகவே, வளர்ந்துகொண்டிருந்த முடிகளிற் பெருந்தொகை ஒருமித்து வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக் காலம் மூன்று மாதமென்று மேலே கண்டோம். எனவேதான் காய்ச்சலின்போது ஒரு முடியும் விழாது; எல்லாம் மறந்துபோன பின்பு, இரண்டு மூன்று மாதம் கழித்து, கைநிறைய விழும். ஒரு பாடசாலையிலே ஆசிரியர்கள் முறைவைத்து விடுமுறை எடுத்துக்கொண்டிருக்கும்வரை வகுப்புகளுக்குக் குறையேதும் தெரியாது. ஏதோவொரு காரணத்தால் முப்பது பேர் ஒரே நாளில் விடுமுறை எடுத்தால் பாடசாலையே வெறிச்சோடியது போலத் தோன்றும். ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்களா? இல்லை, விடுமுறை முடிந்ததும் திரும்பி வருவர். முடியும் அவ்வாறே. புதுமுடி கீழிருந்து கிளம்புவதாலேயே பழையது விழுகின்றது. ஆதலின் இவ்வகை உதிர்வு, நோயின் தொடக்கமன்று, தேறுதலின் பின்வரவு.

இந்த நிலையை ஆராய்ந்து, இதற்கு இன்று வைத்திய உலகம் வழங்கும் பெயரை 1961ஆம் ஆண்டிலே கொடுத்தவர், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துத் தோல் வைத்தியப் பேராசிரியர் ஆல்பேர்ட் கிளிக்மன். ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்பது அப்பெயர். ‘ஓய்வு முடிகளின் பெருக்கெடுப்பு’ என்று தமிழிற் கூறலாம். (சிறைக் கைதிகள்மீது நடத்திய பரிசோதனைகளினால் பின்னாளிலே இப்பேராசிரியரின் பெயர் பெரிதும் கறைபட்டது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆயினும் முடியைப்பற்றி அவர் கண்டது நிலைத்துவிட்டது.)

எமது தீவிலே 2017ஆம் ஆண்டில் மட்டும் 186,000இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். 2020ஆம் ஆண்டின் பின் கொரோனாத் தொற்றுக்கு உள்ளானோரும் உலகெங்கும் இதே முறைப்பாட்டோடு வைத்தியரை நாடினர். நெருப்புக் காய்ச்சல், மலேரியா, நியூமோனியா, பெரிய சத்திரசிகிச்சை, விபத்து, நெருங்கிய ஒருவரின் மரணத்தால் வந்த மனத்தாக்கம், மெலிய வேண்டுமென்று திடீரெனச் சாப்பாட்டைக் குறைத்தல் ஆகிய யாவும் இந்த மூன்று மாதக் கடிதத்தை அனுப்ப வல்லவை. கடைசியாகச் சொன்னதை இளம்பெண்கள் கவனிப்பார்களாக. கலியாணத்துக்கு நாள் வைத்தவுடன் பட்டினி கிடந்து மெலிந்தால், கலியாண நாளிலே தலை மெலிந்திருக்கக்கூடும்.

மூன்று மாதத்திற்கு முன் நடந்தது நினைவில் இல்லாவிட்டால் நகத்தைப் பார்க்கலாம். இது வாசகருக்கு வியப்பாயிருக்கும். கடும் நோயின்போது நகமும் வளர்ச்சியில் தடைப்பட்டு, குறுக்கே ஒரு பள்ளக் கோட்டைப் பதித்துக்கொள்வதுண்டு. 1846ஆம் ஆண்டிலே இதனை எடுத்து விளக்கிய பிரெஞ்சு வைத்தியர் போ என்பவரின் பெயராலேயே அக்கோடு இன்றும் வழங்குகின்றது. விரல்நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். ஆகவே, நகத்தின் அடியிலிருந்து 9 அல்லது 10 மில்லிமீற்றர் தூரத்திலே பல விரல்களிலும் ஒரே வரிசையாகக் கோடு கண்டால், மூன்று மாதத்திற்கு முன் சரீரம் ஒரு சோதனையைக் கடந்து வந்ததென்று கொள்ளலாம். எல்லோர்க்கும் இக்கோடு விழுவதில்லை. விழுந்தால் அதைவிட நல்ல சாட்சியில்லை.

கிழவிகள் சொன்னதும் சரியே

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று வயதான பெண்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பிள்ளை தாயின் முடியைச் சிரித்தே பறித்துவிடும் என்பது அவர்கள் வேடிக்கை. இதனைப் படித்தவர்கள் நகைப்பர். நகைக்க வேண்டியதில்லை. கர்ப்பகாலத்திலே சரீரத்திற் சுரக்கும் ஓமோன்களின் மிகுதியால், உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் தலையிலேயே தங்கிவிடுகின்றன. கர்ப்பிணிகளின் கூந்தல் அடர்ந்து பொலிவது இதனாலேதான். பிரசவமானதும் அந்த மிகுதி அடங்கிவிட, தங்கிநின்றவை யாவும் சேர்ந்து ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நாலு மாதத்திற்குள் விழத் தொடங்குகின்றன. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் இரண்டாம் மூன்றாம் மாதத்திலே. கிழவிகள் காரணத்தைத் தவறவிட்டாலும் காலத்தைத் தவறவிடவில்லை.

இவ்வுதிர்வு பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வயது நிறைவதற்குள் தானே சீராகிவிடும். தாய்ப்பால் கொடுப்பதால் முடி கொட்டுகின்றதென்று சொல்லிப் பாலை மறக்கச்செய்வோர் சிலரை அறிவோம். அது பிள்ளைக்கு இழைக்கும் அநியாயம். பாலை நிறுத்துவதால் விழுகின்ற முடி நிற்கப்போவதுமில்லை. ஆனால், முடி உதிர்வதோடு மிகுந்த சோர்வு, தாங்காத குளிர், மலச்சிக்கல், ஓயாத மனவாட்டம் ஆகியன சேர்ந்து காணப்பட்டால், பிள்ளைப்பெறுகைச் சோர்வு என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். பிரசவத்தின் பின் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி குழம்புதல் உண்டு. வாடிய மனம் நோயாக முற்றுதலும் உண்டு. இரண்டுக்கும் மருந்துண்டு.

நிற்காத உதிர்வு

இதுவரை சொன்னது, வந்து போகின்ற உதிர்வு. ஆறுமாதம் சென்றும் நில்லாத உதிர்வு வேறு கதை. அக்கதையிலே முதலிடம் பெறுவது இரும்புச்சத்துக் குறைவு என்பது எமது எண்ணம்.

நாமறிந்த ஓர் ஆசிரியை ஒரு வருடத்திற்கு மேலாகக் கூந்தற் தைலங்களுக்குச் செலவழித்தார். மாடிப்படி ஏறி வகுப்புக்கு வந்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். வயது ஏறுகின்றது என்பார், வயது முப்பத்தெட்டு. மாதவிலக்கிலே அதிக இரத்தம் போவதை, பெண்களுக்குள்ள சாதாரண துன்பமென்று எண்ணி ஒருவரிடமும் சொன்னதில்லை. முடிக்காகவே வைத்தியரிடம் போனார். இரத்தத்தைச் சோதித்தபோது அவருக்கு வேண்டிய இரத்தத்தில் ஏறக்குறைய பாதியோடு அவர் நடமாடிக்கொண்டிருந்தது வெளியாயிற்று. கருப்பையிலே கட்டியிருந்தது, அதற்குச் சிகிச்சை நடந்தது. முடி உதிர்ந்திராவிடில் இன்னும் எத்தனை காலம் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாரோ!

இரும்புச்சத்தைப்பற்றி எமது வீடுகளுக்குப் பொருத்தமான ஒன்றைச் சொல்லவேண்டும். கீரையிலுள்ள இரும்பு எளிதிலே உடலிற் சேர்வதில்லை. மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றிலுள்ளது எளிதிலே சேரும். மரக்கறி உண்போர், சோற்றோடு தேசிக்காய்ப்புளி, நெல்லிக்காய், கொய்யாப்பழம் முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டால் கீரை, பயறு, கடலை ஆகியவற்றின் இரும்பும் கூடுதலாகச் சேரும். இந்தச் சேர்க்கையைக் கெடுப்பது எது தெரியுமா? நாம் பெருமையோடு உலகமெல்லாம் அனுப்புகின்ற தேயிலைதான்! சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் தேநீர் குடித்தால், உணவிலுள்ள இரும்பிற் பெரும்பகுதி உடலிற் சேராமல் வீணாகின்றது. தேநீரை விடும்படி இந்நாட்டவரிடம் சொல்ல எவருக்கும் துணிவு வராது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையிலே ஒரு மணிநேரத்துக்கு மேல் இடைவெளி விட்டாற் போதும். இரும்புக் குளிசையை மாத்திரம் சோதனையின்றிக் கடையில் வாங்கி விழுங்கவேண்டாம். எமது நாட்டிலே தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோய் உள்ள குடும்பங்களும் உண்டு. அந்நோயாளர்க்கு இரும்பு மிகுவதே ஆபத்து.

மருந்துகளாலும் முடி உதிரும். காக்கைவலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோவேற்று, இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் சில மருந்துகள், இரத்த அழுத்தத்துக்குரிய சில குளிசைகள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கே நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. முடிக்காக இம்மருந்துகளைத் தாமாகவே நிறுத்தலாகாது. வலிப்புக்குரிய மருந்தைத் திடீரென்று நிறுத்திய பிள்ளை கிணற்றடியிலே வலிப்பு வந்து விழுந்தால், கூந்தலைப்பற்றி யார் பேசப்போகின்றனர்? வைத்தியரிடம் சொன்னால், மாற்றக்கூடியதை அவர் மாற்றித் தருவார்.

விற்றமின் குளிசைகள் மிகுந்தாலும் தீங்குண்டு. விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் அதுவே முடியை உதிர்க்கும். ‘பயோட்டின்’ என்ற பெயரோடு முடிக்கென்று விற்கப்படும் குளிசை, குறைபாடு இல்லாதவருக்குப் பயன்தருமென்பதற்குப் போதிய சான்றில்லை. அன்றியும், தைரொயிட் சோதனை, மாரடைப்பைக் கண்டறியும் சோதனை முதலியவற்றின் பெறுபேற்றைப் பிழையாகக் காட்டச்செய்ய வல்லது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017ஆம் ஆண்டிலே இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. இக்குளிசை எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்குமுன் அதனைச் சொல்லிவிட வேண்டும்.

தலை முழுவதும் சீராக உதிராமல், வகிடு மாத்திரம் வரவர அகல்வதும், ஆடவருக்கு நெற்றியோரமும் உச்சியும் வெளிப்பதும் பரம்பரையாலும் ஓமோனாலும் வருபவை. அவை மூன்று மாதக் கணக்கிலே அடங்குவன அல்ல. அவற்றுக்குப் பூசும் மினொக்சிடில் என்னும் மருந்து, முதலிலே இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் மருந்தாயிருந்து, உண்டவர்களின் உடலிலே முடி வளர்ந்தமையால் வேலை மாறியது. பூசத் தொடங்கிய முதற் சில வாரங்களில் முடி கூடுதலாக விழும். அதற்கு அஞ்சிப் போத்தலை எறிந்துவிட்டோர் அநேகர். சதத்தளவாக வட்டவட்டமாய் வழுவழுப்பாக உதிர்வதைப் ‘புழுவெட்டு’ என்பர். அதிலே புழுவுமில்லை, வெட்டுமில்லை. சரீரத்தின் காவற்படை தன் முடியையே பகையாகக் கருதித் தாக்குகின்றது. பிள்ளைகளின் தலையிலே செதிளோடு, சொறிவோடு, முடி முறிந்து திட்டுத்திட்டாகக் காணப்பட்டால் அது படை. பூசினாற் போதாது, வைத்தியர் தரும் குளிசை வேண்டும். சீப்பையும் தலையணையையும் மற்றப் பிள்ளைகளோடு பகிரவும் கூடாது.

இரட்டைப் பின்னலைப்பற்றியும் ஒரு வார்த்தை. பாடசாலை விதி இரட்டைப் பின்னலைத்தான் கேட்கின்றது. கண்ணிமை மேலே இழுபடும்வரை பின்னும்படி கேட்கவில்லை. வருடக்கணக்காக இழுத்துக் கட்டப்பட்ட பிள்ளைகளுக்குக் காதோரத்திலும் நெற்றியோரத்திலும் முடி அருகிப்போகும். தொடக்கத்திலே தளர்த்தினால் மீளும், நாட்பட்டால் மீளாது.

எண்ணெயும் நீரும்

எண்ணெயை நாம் பழித்ததாக வாசகர் எண்ணுதல் கூடாது. தேங்காயெண்ணெய் முடியின் உள்ளே ஊறி, கழுவும்போதும் வாரும்போதும் முடியின் புரதம் கழிவதைக் குறைக்கின்றதென்பது ஆராய்ச்சியாற் கண்ட உண்மை. ஆகவே முடி முறிவதற்கு அது நல்ல காப்பு. கையாந்தகரை, செவ்வரத்தம்பூ, வெந்தயம் ஆகியவற்றை இட்டுக் காய்ச்சினால் மணமும் குளிர்மையும் மனத்திருப்தியும் உண்டு. ஆனால், தோலினடியிலே ஓய்வுக்குப் போய்விட்ட முடியை எழுப்பி நிறுத்தும் ஆற்றல் அவற்றுக்கு உண்டென்று சொல்வதற்கில்லை. எண்ணெய் வைத்த மூன்றாம் நான்காம் மாதத்தில் உதிர்வு நின்றதென்றால், அது தானாகவே நிற்கவேண்டிய காலம். போத்தலின் மேலே பெண்ணின் படம் போட்டு விற்பவர்களுக்கு இந்தக் காலக்கணக்கு நன்றாகத் தெரியும் போலும்!

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணறுகளின் நீர் கடினமானது, சவர்க்காரம் நுரைக்காது, முடி சொரசொரப்பாகிச் சிக்குப்படும். அப்படிச் சிக்குப்பட்டதை ஈரத்தோடு நெருக்கப்பற் சீப்பால் இழுத்தால் முறியும். அதற்காகக் கிணற்றைக் குற்றவாளியாக்கி, வேரோடு உதிரும் முடிக்கும் அதனையே பொறுப்பாக்குதல் பொருந்தாது. அகன்ற பல்லுடைய சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துக்கொண்டு வந்தாற் போதும். அரப்பும் தேசிக்காயும் வைத்து முழுகும் பழைய வழக்கம் இந்த நீருக்கு நன்றாகவே ஒத்துவரும். சொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலையிலே நாட்கணக்காக ஊறவிடாமல் அன்றன்றே கழுவிவிடுதல் நல்லது.

இந்த இடத்திலே எமக்கு ஒரு வேடிக்கை தோன்றுவதுண்டு. முருகன் கோயிலிலே நேர்த்திக்கடனென்று முழுத்தலையையும் மழித்துக்கொண்டு, சந்தனம் பூசி, மலர்ந்த முகத்தோடு வருகின்ற அதே மனிதர், சீப்பிலே இருபது முடியைக் கண்டால் இடிந்து உட்கார்ந்துவிடுகின்றார். நாமாகக் கொடுப்பது வேறு, கேளாமற் போவது வேறு என்ற மனித இயல்பே இது. இதற்கு மருந்து எழுத எந்த வைத்தியராலும் இயலாது.

வைத்தியரிடம் போவதானால் சில விபரங்களை ஒரு தாளிலே குறித்துக்கொண்டு போவது உபகாரமாயிருக்கும். உதிர்வு தொடங்கிய மாதம், அதற்கு மூன்று நாலு மாதத்திற்கு முன் வந்த காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, துக்கம், எடுக்கும் மருந்துகளின் பெயர், மாதவிலக்கின் ஒழுங்கு, தாய் தந்தையர் வழியிலே வழுக்கை உண்டா என்பன அவை. அவர் ஐம்பது அறுபது முடிகளை விரலாற் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு நடந்துகொண்டிருக்கின்றதென்று அறிவார். தேவைப்பட்டால் இரத்தச் சோதனை எழுதுவார். பெரிய அரசினர் வைத்தியசாலைகளிலே தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு, அங்கே கட்டணமில்லை. ஐந்து வகை எண்ணெய்க்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் அங்கே வரிசையிலே நிற்கும் நேரம் பெரிதன்று.

முன்சொன்ன அயல்வீட்டுப் பெண்ணுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்தது, விலக்கிய முட்டையையும் மீனையும் மீண்டும் உண்ணும்படிதான். ஐந்தாம் மாதத்திலே உதிர்வு குறைந்துவிட்டது. ஆயினும் பின்னல் உடனே பருத்துவிடாது என்பதை இவ்வாறு உதிர்ந்து தேறுவோர் அறிந்திருத்தல் வேண்டும். புது முடி மாதத்துக்கு 1 சென்ரிமீற்றர்தானே வளர்கின்றது? ஆறு மாதத்திலே 6 சென்ரிமீற்றர். அது பின்னலின் நுனியை எட்டுதற்கு வருடங்கள் செல்லும். அதுவரை பின்னலின் மேற்பகுதி அடர்ந்தும் அடிப்பகுதி எலிவால் போன்றும் இருக்கும். நுனியைச் சற்றே கத்தரித்துவிட்டால் பார்வைக்குச் சமமாகத் தோன்றும். கத்தரிப்பதால் வளர்ச்சி கூடவுமாட்டாது, குறையவுமாட்டாது.

நெற்றியோரத்திலும் வகிட்டிலும் கட்டைக் கட்டையாகச் சிறுமுடிகள் குத்திட்டு எழுந்து நிற்பதை இக்காலத்திலே காணலாம். எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் அவை படியமாட்டா. முடி முறிந்துவிட்டதென்று எண்ணி, தாய்மார் சிலர் அவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுகின்றனர். அவைதாம் திரும்பி வந்தவை, நறுக்காமல் விட்டுவிடுங்கள்.